அத்தியாயம் 4: ரிசப்ஷன் மேசையில் யாருக்கு என்ன வேலை

விடுதிகள் ரிசப்ஷனுக்கு ஆள் தேடிக் கொடுக்கும் விளம்பரங்களில் மூன்று தகுதிகள் தவறாமல் இருக்கும்: நல்ல தோற்றம், இனிமையான பேச்சு, ஓரளவு ஆங்கிலம். எழுத்தில் ஒழுங்கு, கணக்கில் சுத்தம், காதில் விழுந்ததை மறக்காமல் உரியவரிடம் சேர்க்கும் பழக்கம் ஆகியவற்றைக் கேட்கும் விளம்பரம் அபூர்வம். ஆனால் முன் அலுவலகத்தில் வாடிக்கையாக வெடிக்கும் சண்டைகளை எடுத்துப் பாருங்கள். அட்வான்ஸ் வாங்கியவர் ரசீதுப் புத்தகத்தில் எழுதாமல் விட்டிருப்பார். சுத்தம் செய்யாத அறைக்குச் சாவி போயிருக்கும். கீழ்த்தளத்தில் அறை தருவதாக போனில் ஒருவர் சொல்லியிருப்பார்; முழங்கால் வலியோடு வந்து நிற்கும் பெரியவருக்கு மூன்றாம் மாடி ஒதுக்கப்பட்டிருக்கும். இவை எதிலும் புன்னகைக்குப் பஞ்சம் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஒருவருக்குத் தெரிந்த விஷயம் இன்னொருவருக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். முன் அலுவலகத்தை, விடுதி கொடுக்கும் வாக்குகளைப் பதிந்துவைத்து, சரிபார்த்து, கைமாற்றும் இடமாகப் பார்க்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஆள் எடுப்பதும், வேலையைப் பிரிப்பதும், பயிற்சி கொடுப்பதும் இந்தப் பார்வையிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த மேசை உருவான வரலாறும் இதையே சொல்கிறது. பழைய சத்திரங்களில் பல பேர் ஒரே கூடத்தில் படுத்தார்கள். யார் எங்கே படுத்தார் என்று எழுதிவைக்க அவசியமில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1829ல் திறக்கப்பட்ட ட்ரெமான்ட் ஹவுஸ், பூட்டுள்ள தனி அறைகளையும், வருவோரைப் பதிவு செய்யத் தனி அலுவலகத்தையும், பெட்டி தூக்கும் பையன்களையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. தனி அறைக்குத் தனிப் பூட்டு வந்ததும், எந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்று அறிந்த ஒருவர் தேவைப்பட்டார். மற்ற வேலைகளெல்லாம் அந்த ஒரு தேவையிலிருந்து கிளைத்தவை. இன்று அவற்றுக்குப் பல பெயர்கள்: ரிசர்வேஷன், ரிசப்ஷன், கேஷ், பெல் டெஸ்க், தொலைபேசி, டிராவல் டெஸ்க், நைட் ஆடிட். இவர்களுக்கு மேல் டியூட்டி மேனேஜர், அவருக்கு மேல் ஃப்ரண்ட் ஆபீஸ் மேனேஜர். பெயர்களை மனப்பாடம் செய்வதால் பயனில்லை. விருந்தினர் வருவதற்கு முன், வரும்போது, தங்கியிருக்கும்போது, கிளம்பும்போது என்ற நான்கு கட்டங்களில் எந்தத் தகவல் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால் ஒவ்வொருவரின் வேலையும் தானே விளங்கும். பேச்சுக்கு வசதியாக, மதுரையில் ரயில் நிலையத்துக்கும் கோயிலுக்கும் இடையில் 40 அறைகள் கொண்ட ஒரு விடுதியை மனத்தில் வைத்துக்கொள்வோம்.

முதல் வாக்கு கொடுப்பவர் ரிசர்வேஷன் ஊழியர். சென்னை எழும்பூரில் இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறும் குடும்பம் விடியற்காலையில் மதுரையில் இறங்குகிறது. ஆறு மணிக்கு முன்பே மேசை முன் நிற்கிறது. தமிழ்நாட்டின் பல லாட்ஜ்களில் 24 மணி நேரக் கணக்கு. பெரிய ஹோட்டல்களில் பகல் 12 மணிக் கணக்கு. 12 மணிக் கணக்குள்ள விடுதியில் அந்தக் குடும்பத்துக்கு விடியற்காலையில் அறை வேண்டுமென்றால், முந்தைய இரவே அந்த அறையை விற்காமல் காலியாக வைத்திருக்க வேண்டும்; அதற்கு முழு வாடகையா பாதி வாடகையா என்பதும் அப்போதே பேசி முடிந்திருக்க வேண்டும். ஆகவே போனை எடுத்தவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எத்தனை பேர்?’ என்பதல்ல, ‘எந்த வண்டியில் வருகிறீர்கள்?’ என்பது. இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால், தூக்கம் கெட்ட கண்களோடு குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கும் தகப்பனிடம் ‘12 மணிக்குத்தான் சார் செக் இன்’ என்று சொல்ல நேர்கிறது. அந்த வாக்கியத்தை எவ்வளவு பணிவாகச் சொன்னாலும் அது இனிக்காது.

அறைகளை இருப்பைவிடக் கூடுதலாக ஒப்புக்கொள்வது பற்றி இங்கே ஒரு வார்த்தை. வராமல் போகிறவர்களைக் கணக்கிட்டு 40 அறைக்கு 42 முன்பதிவு எடுப்பது உலகெங்கும் உள்ள பழக்கம். அது தன்னளவில் மோசடி இல்லை. ஆனால் வராமல் போகும் வாய்ப்பு எல்லா நாளும் ஒன்றல்ல. இணையத்தில் பணம் கட்டாமல், ‘ஹோட்டலில் கொடுத்துக்கொள்கிறேன்’ என்று போடப்பட்ட வாரநாள் முன்பதிவுகளில் சில கைவிடப்படலாம். சித்திரைத் திருவிழாவின்போதோ முகூர்த்த நாளிலோ மதுரையில் அறை கிடைத்தவர் யாரும் வராமல் இருக்க மாட்டார். கல்யாண வீட்டார் பத்து அறை கேட்டுப் பதினோரு அறை ஆட்களோடு வருவார்கள். அந்த நாட்களில் ஓர் அறையைக்கூட மிகையாக ஒப்புக்கொள்ளக் கூடாது. மாறாக ஒன்றிரண்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். கணக்கு தவறி ஒருவரை வேறு விடுதிக்கு அனுப்ப நேர்ந்தால், அந்த முடிவை ரிசப்ஷனில் நிற்கும் இளைஞர் தலையில் கட்டக் கூடாது. டியூட்டி மேனேஜரே வந்து பேச வேண்டும், அதே தரத்தில் அறை பிடித்துக் கொடுத்து வண்டிக் கூலியையும் விடுதியே ஏற்க வேண்டும்.

வருகைப் பதிவில் ரிசப்ஷனிஸ்டின் கை படும் தாள் ஒவ்வொன்றும் சட்டத்தோடு தொடர்புடையது. வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்கு இணையம் வழியாக அனுப்ப வேண்டும். விடுதிகளின் வழக்கில் இது ‘சி ஃபார்ம்’. 2025 செப்டம்பர் 1 முதல் பழைய வெளிநாட்டினர் சட்டங்களின் இடத்துக்குப் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் வந்த பிறகும் விவரம் அனுப்பும் கடமை தொடர்கிறது. வெள்ளைக்காரர் வந்தால் யாருக்கும் இது மறப்பதில்லை. மறப்பது மலேசியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ கோயிலுக்கு வரும் தமிழ்க் குடும்பத்தின் விஷயத்தில்தான். நம்மைப் போலவே பேசுகிறார், முகவரியை விறுவிறுவென்று எழுதுகிறார், பதிவேட்டில் உள்ளூர்க்காரராகவே ஆகிவிடுகிறார். பேச்சையோ தோற்றத்தையோ பார்க்காமல் பாஸ்போர்ட்டைப் பார்க்க வேண்டும் என்பதைப் பயிற்சியின் முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். உள்நாட்டு விருந்தினரிடம் ஆதாரை மட்டுமே கேட்டு அடம்பிடிக்கத் தேவையில்லை. வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் போதும். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும்படி மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையமே வழங்குகிறது. அதை நீட்டுபவரைச் சந்தேகமாகப் பார்ப்பது அறியாமை.

தகவலைக் கைமாற்றுவது பாதி வேலை; கைமாற்றக் கூடாததைப் பூட்டிவைப்பது மறுபாதி. 2008ல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒரு தொலைக்காட்சி விளையாட்டுச் செய்தியாளர் தங்கியிருந்த விடுதியில், அவரைப் பின்தொடர்ந்து வந்த ஒருவன் அவருக்குப் பக்கத்து அறையைக் கேட்டான், விடுதியும் கொடுத்தது. கதவின் பார்வைத் துளையை மாற்றியமைத்து அவரைப் படம்பிடித்து இணையத்தில் போட்டான். 2016ல் நடுவர் குழு 5.5 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. அதில் ஏறக்குறையப் பாதிப் பொறுப்பு விடுதியின் உரிமையாளர், நிர்வாக நிறுவனங்கள் மீது விழுந்தது. பக்கத்து அறை வேண்டும் என்று ஒருவர் கேட்டால் கொடுப்பது சாதாரண உபசாரம்தான். அந்த உபசாரத்துக்கு முன்னால், ஏற்கெனவே தங்கியிருப்பவரை போனில் அழைத்துச் சம்மதம் கேட்கும் ஒரு நிமிட வேலை இருக்கிறது. அதுதான் அங்கே நடக்கவில்லை. நம் ஊர் லாட்ஜ்களில் ‘ரூம் நம்பர் 204, மேடத்தைக் கூட்டிட்டுப் போ’ என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி ரூம் பாயை அழைப்பதும் இதே இனத்துத் தவறு. எண்ணைச் சாவி உறையில் எழுதிக் காட்டுங்கள். வெளியிலிருந்து போன் செய்து ‘இன்னார் எந்த ரூம்?’ என்று கேட்பவருக்கு எண்ணைச் சொல்லாமல், விருந்தினரைக் கேட்டு இணைப்பைக் கொடுங்கள். சாவியை மறந்துவிட்டேன் என்று வருபவர் எவ்வளவு பெரிய மனிதராகத் தெரிந்தாலும், பதிவேட்டைப் பார்த்து உறுதிப்படுத்தாமல் மாற்றுச் சாவி கொடுக்காதீர்கள்.

விருந்தினர் தங்கியிருக்கும் கட்டத்தில் முன் அலுவலகத்தின் உயிர்நாடி, அறைகளின் நிலை பற்றிய பட்டியல். ரிசப்ஷனும் ஹவுஸ்கீப்பிங்கும் ஒரே விடுதியின் இரண்டு பிரிவுகள்; ஆனால் பேசும் பாஷை வேறு. ‘அக்கா, 207 ரெடியா?’ என்று ரிசப்ஷன் கேட்கிறது. ‘ரெடிதான் தம்பி, டவல் மட்டும் வைக்கணும்’ என்று பதில் வருகிறது. ரிசப்ஷன் காதில் ‘ரெடி’ மட்டும் விழுகிறது. விருந்தினர் குளித்துவிட்டுத் துண்டில்லாமல் நிற்கிறார். ஆகவே ‘ரெடி’ என்ற சொல்லை மேற்பார்வையாளர் தாமே உள்ளே போய்ப் பார்த்த அறைக்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும் என்று விதி செய்யுங்கள். சுத்தமாகிக்கொண்டிருக்கிறது, சுத்தமாகிவிட்டது, பார்வையிடப்பட்டது, பழுது என்று நான்கு நிலைகளுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.

காலையும் மாலையும் ஹவுஸ்கீப்பிங் நேரில் பார்த்து எழுதும் பட்டியலை ரிசப்ஷன் பட்டியலோடு ஒப்பிடுவது பல விடுதிகளில் கைவிடப்பட்ட சடங்காகிவிட்டது. அதைக் கைவிடுவது கேமராவை அணைத்துவைப்பதற்குச் சமம். ரிசப்ஷன் கணக்கில் 305ல் ஆள் இருக்கிறார். மேலே பார்த்தால் படுக்கை கலையவில்லை, பெட்டி இல்லை. விருந்தினர் வேறெங்கோ இரவைக் கழித்திருக்கலாம்; ஆனால் பெட்டியும் இல்லையென்றால் பில் கட்டாமல் போயிருக்கலாம்; அல்லது பணம் கட்டி முறையாகக் கிளம்பியவரின் செக் அவுட்டைப் பதிவு செய்ய ஊழியர் மறந்திருக்கலாம். கடைசிச் சாத்தியம் உண்மையென்றால் விற்கக்கூடிய ஓர் அறை நாள் முழுக்க விற்காமல் கிடக்கிறது. இதற்கு நேர்மாறானது இன்னும் கவனிக்க வேண்டியது: கணக்கில் 110 காலி, ஆனால் படுக்கை விரிப்பு கசங்கியிருக்கிறது, சோப்பு நனைந்திருக்கிறது. இரவில் யாருக்கோ சில மணி நேரத்துக்கு அறை கொடுத்து, பணம் ஊழியர் பைக்குப் போயிருக்கிறது. முதலாளிகள் இதைப் பிடிக்க உளவாளி வைக்கிறார்கள். பதிவேடு இல்லாமல் நடந்த வாடகையைக் கசங்கிய விரிப்பே காட்டிக்கொடுக்கும். அறையில் தங்கியவரின் பெயர் எங்கும் இல்லை என்பதால், பண நஷ்டத்தைவிடக் காவல் துறை விசாரணை வந்தால் நேரும் சிக்கல் பெரிது.

பெல் டெஸ்க்கும் டிராவல் டெஸ்க்கும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய விடுதிகளில், விருந்தினரின் வெளித் தேவைகளைக் கவனிக்கக் கன்சியர்ஜ் என்று ஒரு பதவி. 1929ல் பாரிஸில் தொடங்கிய ‘லெ க்ளெஃப் டோர்’ சங்கத்தின் உறுப்பினர்கள் கோட்டில் குறுக்குச் சாவிச் சின்னம் அணிவார்கள். நம் 40 அறை விடுதியில் அந்தப் பதவியை, பதவிப் பெயர் இல்லாமல், அனுபவமுள்ள ஒரு ரூம் பாய் வகிக்கிறார்: கோயில் நடை எப்போது சாத்துவார்கள், எந்த டாக்டர் இரவில் வருவார், கொடைக்கானலுக்கு எந்த டிரைவரை நம்பி அனுப்பலாம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் லீவில் போனால் விடுதிக்குப் பாதி ஊரே தெரியாமல் போகிறது. அவர் தலைக்குள் இருப்பதை ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள். தொலைபேசி ஊழியரையும் குறைவாக எடைபோடாதீர்கள். 2008 நவம்பரில் மும்பை தாஜ் மீது நடந்த தாக்குதலின்போது அறைகளில் சிக்கியவர்களை அழைத்து வெளியே வர வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அந்த விடுதியின் தொலைபேசிப் பிரிவினர். எந்த அறையில் ஆள் இருக்கிறார் என்ற பட்டியல் சரியாக இருந்தால்தான் அப்படியொரு அழைப்பு சாத்தியம். தீ விபத்துக்கும் இது பொருந்தும்.

கேஷியரின் வேலையில் இரண்டு ஒழுங்குகள் போதும்: வாங்கியதற்கு அப்போதே ரசீது, கணக்கில் மாற்றியதற்கு அப்போதே கையெழுத்து. வரியில் ஒரு குறிப்பு. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். அறை பேசும்போது ‘டாக்ஸ் சேர்த்தா, சேர்க்காமலா?’ என்பதை ரிசர்வேஷன் ஊழியர் எழுதிவைக்காவிட்டால் கிளம்பும் நேரத்துத் தகராறு கேஷியர் தலையில் விழும். இரவில் கணக்கை முடிக்கும் நைட் ஆடிட்டர் அன்றைய அறை வாடகைகளை ஏற்றி, ரசீதுகளைப் பணத்தோடு ஒத்துப்பார்த்து, வராதவர்களைக் குறித்து, அந்த நாளின் கணக்கை மூடுகிறார். காலையில் முதலாளி கேட்பது பெரும்பாலும் ‘எத்தனை ரூம் போச்சு?’ என்ற ஒரே கேள்வி. அது போதாது. ஒரு நாள் 30 அறை விற்று 66,000 ரூபாய் வந்தது; மறுநாள் விலையைக் குறைத்து 36 அறை விற்று 57,600 ரூபாய் வந்தது என்று வைத்துக்கொள்வோம். விற்ற அறைக்குச் சராசரி முதல் நாள் 2,200, மறுநாள் 1,600. விடுதியிலுள்ள 40 அறைக்கும் பங்கிட்டால் முதல் நாள் 1,650, மறுநாள் 1,440. கூட்டம் கூடியது, வருமானம் குறைந்தது. ஆறு அறைக்குக் கூடுதலாக விரிப்பும் மின்சாரமும் வேறு செலவு. விற்ற அறைகள், விற்ற அறைக்குச் சராசரி, மொத்த அறைக்குச் சராசரி ஆகிய மூன்று எண்களும் தினமும் முதலாளி மேசைக்குப் போக வேண்டும்.

இதற்கெல்லாம் எழக்கூடிய முதல் மறுப்பு: ‘விருந்தினர் நினைவில் வைத்திருப்பது அன்பைத்தான், உங்கள் பட்டியலை யார் பார்த்தார்?’ இதை லேசாகத் தள்ள முடியாது. களைத்து வந்தவருக்கு ஒரு நல்ல சொல்லும் ஒரு டம்ளர் தண்ணீரும் பெரிய விஷயம். ஆனால் சேவையின் தரத்தை அளக்கப் பரசுராமன், ஸைத்தமல், பெர்ரி ஆகிய மூவர் 1988ல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, வாடிக்கையாளர் பார்வையில் ஐந்து கூறுகளைப் பிரித்தது. அவற்றில் முதலிடம் பெற்றது நம்பகத்தன்மை, அதாவது சொன்னதைச் சொன்னபடி செய்வது.  அவர்கள் எடுத்துக்கொண்டவை வங்கி, தொலைபேசி போன்ற சேவைகள், விடுதி வேறு என்று வாதிடலாம். வேறுதான், விடுதியில் பரிவுக்குக் கூடுதல் எடை இருக்கலாம். அப்படியிருந்தும், கீழ்த்தளத்து அறையை மறந்துவிட்டு அன்பாகப் பேசுவதும், அன்பாகப் பேசாமல் கீழ்த்தளத்து அறையைக் கொடுப்பதும் என்ற இரண்டில் அந்தப் பெரியவர் எதைத் தேர்வார் என்பதில் சந்தேகம் உண்டா? பரிவுக்கும் தகவல் வேண்டும். முழங்கால் வலி என்று எழுதிவைத்தவரால்தான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட முடியும். பரிவுக்கு அதிகாரமும் வேண்டும். ரிட்ஸ் கார்ல்டன் விடுதிகளில், விருந்தினரின் குறையைத் தீர்க்க ஓர் ஊழியர் மேலிடத்தைக் கேட்காமலே 2,000 டாலர் வரை செலவிடலாம் என்பது பிரபலமான விதி. நம் விடுதியில் ரிசப்ஷனிஸ்டுக்கு 300 ரூபாய், டியூட்டி மேனேஜருக்கு 2,000 ரூபாய் என்று வைத்தாலே போதும். ஒரு காப்பிப் பில்லைக் கழிக்க முதலாளியை எழுப்ப வேண்டியிருக்காது.

இரண்டாவது மறுப்பு: ‘எல்லாவற்றையும் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும்.’ 1987ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் தொடங்கிய ஃபிடெலியோ முதல் இன்றைய ஓபெரா வரை விடுதி மென்பொருள்கள் பதிவேட்டையும் அறைப் பலகையையும் திரைக்குள் கொண்டுவந்துவிட்டன என்பது உண்மை. கணக்குப் போடும் வேலையை அவை நன்றாகச் செய்கின்றன. ஆனால் 312ல் ஏ.சி. பழுது என்று யாராவது ஏற்றினால்தான் திரைக்குத் தெரியும். ஏற்றாவிட்டால், இணையத் தளங்களோடு இணைந்த அதே மென்பொருள் அந்தப் பழுதான அறையை இரவு ஒரு மணிக்கு யாருக்கோ விற்றுவிடும். முன்பு ஒரு ரிசப்ஷனிஸ்டின் மறதி ஒரு விருந்தினரைத்தான் பாதித்தது. இப்போது அது ஒரே நேரத்தில் எல்லாத் தளங்களுக்கும் போய்ச் சேர்கிறது. இயந்திரம் வந்தபின் ஒழுங்கின் தேவை கூடியிருக்கிறது என்பதே என் கணிப்பு.

மூன்றாவது மறுப்பு சின்ன லாட்ஜ்காரர்களுடையது: ‘எங்களிடம் மேசையில் ஒரே ஆள், ஏழு பதவிக்கு எங்கே போவது?’ நியாயமான கேள்வி. 12 அறை லாட்ஜில் முன்பதிவு, பதிவேடு, சாவி, போன் எல்லாவற்றையும் ஒருவரே பார்ப்பதில் தவறில்லை; நேரத்தைப் பிரித்துக்கொண்டால் போதும். பிரிக்காமல் விடவே கூடாதது ஒன்று உண்டு: பணம் வாங்குபவரே கணக்கைச் சரிபார்ப்பவராக இருக்கக் கூடாது. இரவில் முதலாளியோ அவர் வீட்டில் ஒருவரோ ரசீதையும் அறைப் பட்டியலையும் ஒப்பிட்டால் பத்து நிமிடத்தில் முடியும் வேலை. ஊழியர் மீது சந்தேகமா என்று கேட்பார்கள். கணக்கு தினமும் சரிபார்க்கப்படும் இடத்தில்தான் நேர்மையான ஊழியர் மீது பழி விழாமல் இருக்கும்.

ஷிப்ட் மாறும்போது எழுதும் லாக் புக்கில்தான் இத்தனையும் ஒன்றுசேர்கின்றன. ‘312 - ஏ.சி. கம்ப்ளைன்ட்’ என்று எழுதினால் அடுத்தவருக்கு ஒன்றும் தெரியாது. இப்படி எழுதினால் தெரியும்: ‘312: ஏ.சி. குளிரவில்லை என்று இரவு 9.10க்குச் சொன்னார். எலெக்ட்ரீஷியன் 9.40க்குப் பார்த்தார், கேஸ் நிரப்ப வேண்டும், நாளை 11 மணிக்கு ஆள் வரும். இன்று ஃபேன் போதும் என்றார். காலையில் 305க்கு மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறோம். 8 மணிக்கு முன் எழுப்ப வேண்டாம்.’ யார் என்ன சொன்னார், என்ன செய்தோம், என்ன வாக்குக் கொடுத்தோம், அடுத்தவர் என்ன செய்ய வேண்டும் என்ற நான்கும் அதில் இருக்கின்றன. ஆள் எடுக்கும்போது நேர்காணலில் இதையே சோதனையாக வையுங்கள்: ஒரு புகாரை வாயால் சொல்லி, லாக் புக்கில் எழுதச் சொல்லுங்கள். நன்றாகப் பேசுபவரைவிட நன்றாக எழுதியவரை எடுங்கள். பேச்சை மூன்று மாதத்தில் பழக்கிவிடலாம். புதிதாகச் சேர்ந்த பையனை இரவு ஷிப்டில் தனியாக உட்கார வைக்கும் வழக்கத்தையும் உடனே நிறுத்துங்கள். மேற்பார்வை இல்லாத நேரம், கணக்கு மூடும் நேரம், விடியற்கால ரயில் வரும் நேரம் எல்லாம் அந்த ஷிப்டில்தான் வருகின்றன. அங்கே இருக்க வேண்டியவர் உங்களிடம் உள்ளவர்களிலேயே அனுபவம் மிக்கவர். அதற்காகக் கொஞ்சம் கூடுதல் சம்பளம் கேட்டால், கொடுத்துவிடுங்கள்.